மஞ்சள் பொட்டு வைத்த கிரைண்டர்

போன மாதம் கலைமணி மேடம் போன் செய்தார். காரைக்குடியில் நான் வேலை பார்த்த கூரியர் கிளைக்கு அவர்தான் பொறுப்பாளர். நான் அங்கிருந்து ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகப்போகிறது. முழங்கால் எப்படி இருக்கிறது என்று விசாரித்துவிட்டு விஷயத்துக்கு வந்தார்.

"அண்ணே, ரிட்டர்ன் எடுக்கப் புதுசா ஒன்பது பேர் சேந்திருக்காக. ஆப்பையும் மாத்திட்டாக. இனிமே போட்டோ எடுத்தாப் போதும், பொருளை எடுக்கலாமா வேண்டாமான்னு அதுவே சொல்லிருமாம். நீங்க அந்த மானகிரி கிரைண்டர் விஷயத்த எழுதிக் குடுங்க. நான் வாயால சொன்னா அவுகளுக்கு அது மேனேஜர் அட்வைஸ்."

எழுதுவது எனக்குப் பழக்கமில்லை. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இருந்தாலும் மேடம் கேட்டு நான் இல்லை என்று சொன்னதில்லை. அதற்குக் காரணம் இதைப் படித்து முடிக்கும்போது உங்களுக்கே தெரியும்.

எங்களுடையது தச்சு வேலைக் குடும்பம். எனக்கு ஒரே இடத்தில் உட்கார்ந்து இழைக்கப் பொறுமை கிடையாது. பதினான்கு வயதில் ஒரு லாரியில் ஏறிப் போனேன். திருப்பூரில் பனியன் மடித்தேன். ஓசூரில் கட்டடத்துக்குச் செங்கல் சுமந்தேன். பாலக்காட்டில் மர அறுவை மில்லில் இருந்தேன். மதுரையிலும் திருச்சியிலும் ஓட்டல்களில் வேலை பார்த்தேன். ஒரு ஊரில் மஞ்சள் காமாலை வந்து அரசு மருத்துவமனையில் இருபது நாள் கிடந்தேன். யாரும் பார்க்க வரவில்லை. யாருக்கும் நான் சொல்லவும் இல்லை. எந்த வேலையிலும் இரண்டு வருடத்துக்கு மேல் நின்றதில்லை. யாரும் துரத்தவில்லை, நானே கிளம்பிவிடுவேன். கால் அப்படி.

நாற்பத்தொன்பது வயதில் காரைக்குடிக்கே திரும்பி வந்தபோது கையில் இருந்தது ஒரு பழைய பைக்கும் ஓட்டுநர் உரிமமும்தான். கூரியர் வேலைக்கு அந்த இரண்டும் போதும் என்றார்கள். நாள் முழுக்க ஊர் சுற்றச் சம்பளம் தருகிறார்களே என்று சேர்ந்தேன். ஆன்லைனில் வாங்கிய பொருள்களை வீடு வீடாகக் கொடுப்பது காலையில். வேண்டாம் என்று திருப்பிக் கொடுப்பவர்களிடம் போய் எடுத்துவருவது மதியத்துக்கு மேல். அந்த இரண்டாவது வேலையைத்தான் நாங்கள் ரிட்டர்ன் என்போம்.

கொடுப்பது சுலபம். எடுப்பதற்கு முறை உண்டு. ஒரு வீட்டுக்குப் போனதும் ஆப்பில் அந்தப் பொருளின் படம் வரும். படத்தையும் பொருளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பிறகு வரிசையாகக் கேள்விகள் வரும். அதே பொருளா, அதே நிறமா, பெட்டி இருக்கிறதா, சீரியல் நம்பர் ஒத்துப்போகிறதா, கூட வந்த உதிரிகள் இருக்கின்றனவா, உடைப்பு உண்டா, கறை உண்டா, பயன்படுத்தப்பட்டதா. ஒவ்வொன்றுக்கும் ஆம் அல்லது இல்லை. எல்லாம் சரி என்றால் வாடிக்கையாளர் கண்முன்னே பையில் போட்டு, வாயைச் சீல் வைத்து, பை நம்பரை ஸ்கேன் செய்து, அவர்கள் போனுக்கு வரும் எண்ணைக் கேட்டுப் போட வேண்டும். ஒன்று சரியில்லை என்றாலும் எடுக்கக் கூடாது. எனக்கு ஆங்கிலம் தெரியாது. அந்தச் சொற்களை நான் எழுத்தாகப் படிக்கவில்லை, உருவமாகப் பார்த்து மனப்பாடம் செய்துகொண்டேன்.

இந்த முறை எதற்கு என்று முதல் மாதத்திலேயே எனக்குப் புரிந்தது. தேவகோட்டை ரோட்டில் ஒரு வீட்டில் புது மொபைலைத் திருப்பிக் கொடுத்தார்கள். பெட்டி அழகாக ஒட்டப்பட்டிருந்தது. நல்ல மனிதர், மோர் கொடுத்தார். பிரித்துப் பார்க்கக் கூச்சப்பட்டு அப்படியே வாங்கிவந்தேன். கிளையில் பிரித்தபோது உள்ளே துணி துவைக்கிற சோப்பு இருந்தது. என் பெயரில் முதல் தவறு பதிவானது. மூன்று தவறு சேர்ந்தால் ஆப்பில் நம் ஐடியை முடக்கிவிடுவார்கள். முடக்கியிருக்கும்வரை வேலையும் இல்லை, சம்பளமும் இல்லை.

இரண்டாவது தவறு ஒரு சேலை. படத்தில் இருந்தது வேறு சிவப்பு, கையில் இருந்தது வேறு சிவப்பு என்று நினைத்து 'நிறம் வேறு' என்று அழுத்திவிட்டேன். வீட்டுக்குள் டியூப் லைட் வெளிச்சத்தில் பார்த்ததால் வந்த வினை. வாசல் வெயிலில் வைத்துப் பார்த்திருந்தால் ஒரே அரக்குச் சிவப்புதான். அந்த அம்மாவுக்குப் பணம் திரும்ப வர ஒரு மாதம் இழுத்தது.

கலைமணி மேடம் கிளைக்கு வந்தது அதற்குப் பிறகுதான். சிங்கம்புணரிப் பக்கம் அவர் ஊர். விவசாயக் குடும்பம். வந்தபோது அவருக்கு முப்பது வயதுகூட இருக்காது. என்னை அண்ணே என்பார், நான் மேடம் என்பேன். சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை. அவர் கொண்டுவந்த ஒரு பழக்கம் எங்களுக்கு முதலில் பிடிக்கவில்லை. சாயங்காலம் எல்லோரும் வந்து சேர்ந்ததும், அன்றைக்கு எடுக்காமல் விட்டுவந்த ரிட்டர்ன்களை ஒவ்வொருவரும் நின்றுகொண்டு வாய்விட்டுப் படிக்க வேண்டும். வீடு, பொருள், ஏன் எடுக்கவில்லை. மூன்று வரி. அவர் கேட்டுக்கொண்டிருப்பார். ஏதாவது இடித்தால் ஒரு கேள்வி கேட்பார். கேட்டுவிட்டுக் கையிலிருக்கும் ரப்பர் பேண்டை விரலில் சுற்றிக்கொண்டு பேசாமல் இருப்பார். பதில் வரும்வரை அடுத்த ஆளைக் கூப்பிட மாட்டார். திட்டு வாங்குவதே தேவலை என்று இருக்கும்.

சட்டத்தை எனக்குச் சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான். அதுவும் ஒரு கல்யாண வீட்டால் வந்தது. கண்டனூரில் ஒரு பெரிய வீடு. வருடத்தில் பத்து மாதம் பூட்டிக் கிடக்கும், கல்யாணத்துக்கு மட்டும் திறப்பார்கள். அந்த வீட்டு ஆச்சி தன் மகள் கல்யாணத்துக்குச் சீர்ச் சாமான் வைப்பதற்காக ஆன்லைனில் நிறைய வாங்கியிருந்தார். நானே எட்டு நடை கொண்டுபோய்க் காவல்காரரிடம் கொடுத்தேன். எல்லாம் பெட்டி பிரிக்காமல் ஒரு அறையில் நாற்பது நாள் இருந்தன. சீர்ச் சாமானைப் பரப்பிக் காட்டும் அன்று பிரித்தால், இரண்டு ஹாட்பாக்ஸ் மூடி உடைந்திருந்தது, ஒரு மிக்ஸி ஓடவில்லை. ஆப்பில் ரிட்டர்ன் நாள் எப்போதோ முடிந்துவிட்டது. வந்த அன்றே பிரித்துப் பார்த்திருக்கலாமே என்று கேட்டேன். ஆச்சி என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"பொண்ணுக்கு வைக்கிற சாமானை நாள் பாக்காம எவளாவது பிரிப்பாளா? ஒங்க வீட்டுல பிரிப்பாகளா?"

நான் இதை மேடத்திடம் ஒரு வேடிக்கையாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. பத்து நாள், ஏழு நாள் என்பதெல்லாம் விற்கிறவர்கள் தாங்களாக வைத்த விதி, பொருள் பிடிக்கவில்லை என்றால் அதற்கு அது சரி, ஆனால் வந்த பொருளே பழுது என்றால் அதைத் திரும்ப வாங்க மாட்டேன் என்று மறுக்க விற்பவருக்கு உரிமை கிடையாது, அது சட்டம் என்றார். ஆன்லைனில் விற்கும் ஒவ்வொரு கம்பெனியும் புகார் கேட்க ஓர் அதிகாரியை வைக்க வேண்டும், புகார் வந்தது என்று இரண்டு நாளில் பதில் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும், தீர்க்காவிட்டால் அரசாங்க நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே சொல்லலாம், அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது என்றார். ஆச்சிக்கு இதைப் போய்ச் சொன்னேன். மிக்ஸிக்கு மட்டும் பணம் வந்தது. ஹாட்பாக்ஸுக்கு எழுத ஆச்சிக்குப் பொறுமை இல்லை.

இனி அந்தக் கிரைண்டர்.

மானகிரியில் பாண்டிச்செல்வி என்று ஓர் அம்மா. அப்போது நாற்பது வயது இருக்கும். நூல் மில்லில் பல வருடம் ஷிப்ட் பார்த்தவர். பஞ்சுத் தூசி நெஞ்சில் ஏறி, இனி அங்கே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேலையை விட்டதற்கு மில்லில் கொடுத்த தொகையைப் போட்டு இட்லி மாவு வியாபாரம் தொடங்கினார். வீட்டிலிருந்த சின்னக் கிரைண்டரில் அரைத்துப் பதினைந்து வீட்டுக்கும் இரண்டு டிபன் கடைக்கும் கொடுத்தார். அந்தக் கிரைண்டர் தேய்ந்து நின்றுபோனது. மிச்சமிருந்த தொகையில் ஆன்லைனில் பெரிய கிரைண்டர் ஒன்று வாங்கினார். சாய்த்து மாவைக் கொட்டுகிற மாதிரி. அதை நான்தான் கொண்டுபோய் இறக்கினேன்.

ஐந்தாம் நாள் அதே கிரைண்டரை எடுக்கச் சொல்லி ரிட்டர்ன் வந்தது. 'பழுது' என்று போட்டிருந்தது. போனேன். கூடத்தில் பெட்டி பக்கத்தில் கிரைண்டர் நின்றது. சுவிட்சைப் போட்டுக் காட்டினார். மோட்டார் முனகியது, டிரம் சுற்றவில்லை.

கேள்விகளை ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டு வந்தேன். அதே பொருள். பெட்டி உண்டு. சீரியல் நம்பர் சரி. உடைப்பு இல்லை. கறை உண்டா என்ற இடத்தில் கை நின்றது. கிரைண்டரின் முன்பக்கத்தில் மூன்று மஞ்சள் பொட்டு, நடுவில் குங்குமம். சுவிட்சுக்கு மேலே ஒன்று. கைப்பிடியில் ஒன்று. வெள்ளைப் பிளாஸ்டிக்கில் மஞ்சள் பிடித்துப்போய் இருந்தது. ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தேன். குங்குமம் கலைந்து இன்னும் பரவியது.

எனக்கு ஏற்கெனவே இரண்டு தவறு இருந்தது. கறை உண்டு என்று அழுத்தி, ஆப் கேட்டபடி பொட்டைப் படம் எடுத்தேன். அடுத்த கேள்வி, பயன்படுத்தப்பட்டதா. கறை இருந்தால் பயன்படுத்தியதுதானே என்று அதற்கும் ஆம் அழுத்தினேன். ஆப் உடனே சிவப்பாகி, எடுக்க வேண்டாம் என்றது. அந்த அம்மாவிடம் சொன்னேன். அவருக்கு முதலில் புரியவே இல்லை.

"பயன்படுத்துனதா? ஓடவே இல்லையே, எதைப் பயன்படுத்துறது?"

பொட்டைக் காட்டினேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு வாசலில் நின்ற என் பைக்கைப் பார்த்தார்.

"ஒங்க வண்டிக்கு வச்சிருக்கீகளே, அது யாரு வச்சது?"

ஹெட்லைட்டுக்கு மேலே என் மனைவி வைத்த பொட்டு. வெள்ளிக்கிழமை தவறாமல் வைப்பாள். ஆப் எடுக்க விடவில்லை அம்மா என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். பின்னால் அவர் "மறுபடி மில்லுக்குத்தான் போகணும்போல" என்று தனக்குள்ளே சொன்னது மட்டும் காதில் விழுந்தது. மில்லுக்குப் போனால் நெஞ்சு என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும், ஏனென்றால் கிரைண்டர் இறக்கிய அன்றே அவர் இருமியதைக் கேட்டிருந்தேன்.

சாயங்காலம் என் முறை வந்தது. நின்றுகொண்டு படித்தேன். மானகிரி, கிரைண்டர், கறை உண்டு, பயன்படுத்தப்பட்டது.

"என்ன கறைண்ணே?"

மஞ்சள், குங்குமம் என்றேன். ரப்பர் பேண்டு விரலில் ஏறியது.

"மாவு?"

"பாக்கலை மேடம்."

"மாவு இல்லைங்கிறீகளா, பாக்கலைங்கிறீகளா?"

அறையில் பத்துப் பேர் இருந்தார்கள். பார்க்கவில்லை என்பதுதான் உண்மை. டிரம்முக்குள் நான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. வெளியே பொட்டைக் கண்டதோடு நிறுத்திவிட்டேன். அதை அப்படியே சொன்னேன். மேடம் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். எல்லோரும் போன பிறகு என்னை இங்குட்டு வாங்க என்று அழைத்து ஒன்றைச் சொன்னார். ஆப்பில் அழுத்தியதை மாற்ற முடியாது. அந்த அம்மா புகார் செய்தால் கம்பெனிக்காரர்கள் முதலில் பார்ப்பது நம் பதிவைத்தான். நாம் 'பயன்படுத்தியது' என்று போட்டிருக்கும்வரை சட்டம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அந்த அம்மாவுக்கு உதவாது. பொருள் பழுதா இல்லையா என்று தீர்ப்புச் சொல்வது நம் வேலை இல்லை, பார்த்ததைச் சொல்வது மட்டும்தான் நம் வேலை.

மறுநாள் காலை டெலிவரிக்கு முன்னால் மானகிரிக்குப் போனேன். கதவைத் திறந்த பாண்டிச்செல்வி நகரவில்லை.

"இன்னும் எந்தக் கறை பாக்கணும்? எம் மூஞ்சியில இருக்கு, பாக்குறீகளா?"

நேற்று நான் பார்த்தது தப்பு, உள்ளே பார்க்கவில்லை, இன்றைக்குப் பார்க்க விடுங்கள் என்றேன். கொஞ்சநேரம் நின்றுவிட்டு வழிவிட்டார்.

கல்லைக் கழற்றினேன். கிரைண்டரைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும். திருச்சி ஓட்டலில் ஒன்றரை வருடம் மாவு அரைத்ததும் கிரைண்டர் கழுவியதும் நான்தான். புதுக் கல் வந்தால் அதில் கொத்திய தூள் ஒட்டியிருக்கும். பழைய சோற்றைப் போட்டு ஓடவிட்டு, கொட்டி, மறுபடி ஓடவிட்டு, சாம்பல் நிறம் போகும்வரை இரண்டு மூன்று நாள் அதே வேலை. அப்படிப் பழக்கி அரைக்கத் தொடங்கிவிட்டால் அந்தத் தூள் போய்விடும். அதற்குப் பிறகு கல்லின் நடுவில் அச்சு ஏறும் குழியில் மாவு போய் உட்கார்ந்துகொள்ளும். ஊசியை விட்டுக் கிண்டினாலும் முழுதாக வராது. காய்ந்து, புளித்த நாற்றம் அடிக்கும். எத்தனையோ நாள் அந்தக் குழியைச் சுரண்டியிருக்கிறேன்.

இந்தக் கல்லைத் தடவினேன். விரலெல்லாம் சாம்பல் தூள். குழிக்குள் ஊசியை விட்டேன், வெறும் தூள்தான் வந்தது. முகர்ந்து பார்த்தேன். கல் வாடை. உளுந்து அந்தக் கல்லைத் தொட்டதே இல்லை. தூளோடு என் விரலை, குழியை, டிரம்மின் அடியை எல்லாம் படம் எடுத்தேன். பாண்டிச்செல்வி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பொட்டைத் துடைத்துவிடட்டுமா என்று கேட்டார். வேண்டாம், நேற்றுப் படத்தில் இருக்கிறது, இன்றைக்கு இல்லை என்றால் அதை வேறு கேட்பார்கள் என்றேன்.

கிளைக்கு வந்ததும் மேடம் ஒரு வெள்ளைத்தாள் கொடுத்தார். பார்த்ததை எழுதச் சொன்னார். நீங்களே எழுதிக் கொடுங்கள், நான் கையெழுத்துப் போடுகிறேன் என்றேன்.

"இல்லண்ணே. பாத்தது நீங்க. ஒங்க கையெழுத்துல, ஒங்க பேச்சுல இருக்கட்டும். தப்பும் தவறுமா இருந்தாலும் பரவாயில்லை. ஒண்ணு மட்டும் யோசிச்சுக்கிருங்க. இதைக் குடுத்தா ஒங்களுக்கு மூணாவது தப்பு. என்னால அதைத் தடுக்க முடியாது."

அன்று நாற்பது பார்சல் கொடுக்க வேண்டியிருந்தது. கொடுத்துவிட்டு வந்து ஸ்கேன் மேசையில் உட்கார்ந்தேன். நான்கு தாளைக் கிழித்தேன். ஐந்தாவது தாளில் இருந்தது இதுதான்.

"கிரைண்டர் பயன்படுத்தப்பட்டது என்று நான் போட்டது தவறு. வெளியே ஐந்து இடத்தில் மஞ்சள் குங்குமம் இருந்தது. எங்கள் பக்கம் புதுச் சாமான் வந்தால் ஓட்டுவதற்கு முன்னால் பொட்டு வைப்பார்கள். அது பயன்படுத்துவது ஆகாது. கல்லில் கொத்துத் தூள் அப்படியே உள்ளது. அச்சுக் குழியில் மாவு இல்லை. டிரம் சுற்றவில்லை. முதல் நாள் நான் உள்ளே பார்க்கவில்லை. இரண்டாம் நாள் பார்த்தேன்."

மேடம் இரண்டு முறை படித்தார். ஒரு எழுத்தையும் திருத்தவில்லை. முத்திரை வைத்து, நகல் எடுத்து, ஒன்றைப் பாண்டிச்செல்வியிடம் கொடுக்கச் சொன்னார். மறுநாள் காலை என் ஐடி முடங்கியது. பதினைந்து நாள்.

மேடம் அன்று செய்த ஒன்றை நான் மறக்கவில்லை. ஐடி முடங்கினால் அந்த ஆளின் ரூட்டை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவதுதான் வழக்கம். திரும்பி வரும்போது தூரமான, யாரும் விரும்பாத ரூட்தான் கிடைக்கும். மேடம் என் ரூட்டைத் துண்டு துண்டாகப் பிரித்து மற்றவர்களுக்குப் பதினைந்து நாளைக்கு மட்டும் என்று கொடுத்தார். மீதியைச் சில நாள் அவரே ஸ்கூட்டியில் எடுத்துக்கொண்டு போனார் என்று பிறகுதான் கேள்விப்பட்டேன். என் வாழ்க்கையில் எத்தனையோ இடத்தில் வேலை பார்த்தேன். நான் போன பிறகு என் இடத்தைக் காலியாக வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். கிளம்பிப் போகும் பழக்கம் எனக்கு அதோடு விட்டுப்போனது.

பாண்டிச்செல்வி கம்பெனியின் புகார் அதிகாரிக்கு எழுதினார். இரண்டாம் நாள் புகார் கிடைத்தது என்று பதில் வந்தது. நான்காம் நாள், எடுக்க வந்தவரின் பதிவுப்படி பொருள் பயன்படுத்தப்பட்டது, எனவே ஏற்க முடியாது என்று வந்தது. என் பதிவு. அவர் விடவில்லை. என் கடிதத்தையும் படங்களையும் வைத்து நுகர்வோர் உதவி எண்ணுக்கும் புகார் செய்தார். அதற்குப் பிறகுதான் கம்பெனியிலிருந்து ஒருவர் போனில் வந்தார். பாண்டிச்செல்வியையும் என்னையும் சேர்த்து ஒரே அழைப்பில் பேசவைத்தார். நான் அப்போது சிங்கம்புணரியில் ஒரு கயிறு கம்பெனியில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தேன். ஐடி இல்லாத நாள்களுக்கும் அடுப்பு எரிய வேண்டுமே. தேங்காய் நார் கழுத்தில் அரிக்கும், வேறொன்றும் கஷ்டமில்லை.

அந்த அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். சென்னைக்காரர் மாதிரி இருந்தது. கொஞ்சநாள் அரைத்துவிட்டு, மோட்டார் போன பிறகு கழுவி வைத்திருக்கலாம் இல்லையா என்று கேட்டார். நியாயமான கேள்விதான். சோப்புக் கட்டியை வாங்கிவந்தவன் நான், அவர் சந்தேகத்தைக் குறை சொல்ல மாட்டேன்.

"சார், கழுவுனா முதல்ல தூள்தான் போகும்" என்றேன். "அந்தத் தூள் இன்னும் இருக்கு. குழியில மாவு இல்லை. மாவையும் கழுவணும், தூளையும் திரும்ப ஒட்டணும்னா அது யாராலயும் ஆகாது. நான் ஒன்றரை வருசம் கிரைண்டர் கழுவுனவன்."

பிறகு அவர், அந்தப் பொட்டு எதற்கு என்று கேட்டார். கிண்டலாக இல்லை, தெரியாமல்தான் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் பாண்டிச்செல்வி சொன்னார்.

"அது நல்லா ஓடணும்னு வச்சதுங்க."

அதிகாரி குறித்துக்கொள்கிறேன் என்றார்.

அந்த அழைப்புக்கு மூன்றாம் நாள் புதுக் கிரைண்டர் அனுப்புவதாகவும் பழையதை அப்படியே எடுத்துக்கொள்வதாகவும் செய்தி வந்தது. பழையதை எடுக்க எங்கள் கிளையிலிருந்து சாகுல் போனான். கறை உண்டா என்ற கேள்விக்கு உண்டு என்றே அழுத்தி, பயன்படுத்தப்பட்டதா என்பதற்கு இல்லை என்று அழுத்தி, குறிப்பில் 'சாமி பொட்டு' என்று எழுதினானாம். அதற்குப் பிறகு எங்கள் கிளையில் எல்லோரும் அப்படித்தான் எழுதினோம். பொருள் வாங்குகிறவர்களிடமும் முதலில் ஓட்டிப் பாருங்கள், ஓடிய பிறகு பொட்டு வையுங்கள் என்று சொல்லத் தொடங்கினேன். என் மனைவி மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. பொட்டு முதலில்தான் என்கிறாள்.

புதிதாகச் சேர்ந்திருப்பவர்களுக்கு நான் சொல்வதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. போட்டோ எடுத்தால் மஞ்சள் தெரியும். கல்லின் குழிக்குள் என்ன இருக்கிறது என்பது தெரியாது. கல்லைக் கழற்றிப் பார்க்கிற அந்த இரண்டு நிமிடத்தில்தான் ஒரு வீட்டின் பிழைப்பு இருக்கலாம். நான் முதல் நாள் அதைச் செய்யவில்லை. இரண்டாம் நாள் செய்யவைத்த மேடத்துக்கும், கதவை என் முகத்தில் சாத்தாமல் வழிவிட்ட அந்த அம்மாவுக்கும் நான் நன்றிக்கடன் பட்டவன்.

ஐடி முடக்கத்தின் பதினான்காம் நாள் காலை. சிங்கம்புணரியில் லாரியின் மேல் நின்று கயிற்றுக் கட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். பாண்டிச்செல்வி போன் செய்தார். ஹலோ என்றேன். அவர் பேசவில்லை. ஒரு சத்தம் மட்டும் வந்தது. போனைக் கிரைண்டர் பக்கத்தில் வைத்திருக்கிறார் என்று புரிந்தது. கொஞ்சநேரம் கழித்து அவர் குரல் வந்தது.

"கேக்குதாண்ணே? பழைய சோறு போட்டு ரெண்டு நாளு ஓட்டிட்டேன். இது உளுந்து."

காதோடு சேர்த்துவைத்துக் கேட்டேன். கல் கொஞ்சம் இழுத்து இழுத்து ஓடியது.

"தண்ணி பத்தலை. ஒரு கை விடுங்க" என்றேன்.

செம்பை எடுக்கும் சத்தமும் தண்ணீர் விழும் சத்தமும் கேட்டன. இரண்டு சுற்று தடுமாறிவிட்டுக் கல் இறங்கி, மெத்தென்று சீராக ஓடத் தொடங்கியது. கீழேயிருந்து லாரிக்காரர் நேரமாகிறது என்று கத்தினார். நான் கட்டுகளின் மேல் உட்கார்ந்து இன்னும் கொஞ்சநேரம் கேட்டுக்கொண்டிருந்தேன்.